ஏணியைப் பிடுங்கியது யார்?

"என்ஜினீயரிங் மாணவர்களுக்கு மாண்டிசோரி முறையா? பால்குடி மறக்காத குழந்தைகள் வைத்து விளையாடுகிற மரக்கட்டைகளை மீசை முளைத்த பிள்ளைகள் கையில் கொடுத்து என்ன செய்யச் சொல்கிறீர்?"

திருவண்ணாமலையில் ஒரு நண்பர் வீட்டுக் கல்யாணம். பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, பல வருஷம் காலேஜில் புரொபஸராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் என்னைப் பார்த்து இப்படிக் கேட்டார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் மரியாதைக்காகச் சிரித்து வைத்தேன். கல்யாண வீட்டில் சண்டை போடுவது அழகல்ல. அன்று வெற்றிலையோடு சேர்த்து விழுங்கிய பதிலை இன்று எழுதுகிறேன். பெரியவர் இதைப் படித்தால் கோபித்துக்கொள்ளட்டும். கோபம் தணிந்த பிறகு கொஞ்சம் யோசிக்கட்டும்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் என்ஜினீயர் அல்ல, கதை எழுதுகிறவன். கீழ்பென்னாத்தூரில் எனக்கு ஓர் ஓட்டு வீடும், தம்பியோடு பாகம் பிரித்துக்கொண்ட கொஞ்சம் நிலமும் உண்டு. ஸ்பானரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாதவனுக்கு இதைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை என்று கேட்கலாம். நிலத்தை விற்றுப் பீஸ் கட்டி, மகன் வாங்கிய பட்டத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, அதற்குக் கீழே உட்கார்ந்து அவன் எப்போது வேலைக்குப் போவான் என்று காத்திருக்கிற குடும்பங்களுக்கு நடுவில் நான் குடியிருக்கிறேன். அந்த யோக்கியதை எனக்குப் போதும்.

பெரியவர் சிரித்தாரே, அந்த மாண்டிசோரி அம்மையார் சின்ன வயசில் என்ன ஆக ஆசைப்பட்டார் தெரியுமா? என்ஜினீயர்! 1870-ல் இத்தாலியில் பிறந்த அந்தப் பெண், 13 வயதில் ஆண் பிள்ளைகள் படிக்கிற தொழில்நுட்பப் பள்ளியில் போய்ச் சேர்ந்தார். பிறகு மனம் மாறி மருத்துவம் படித்து 1896-ல் டாக்டரானார். 1907-ல் ரோமாபுரியின் சான் லொரென்ஸோ என்னும் ஏழைக் குடியிருப்பில் குழந்தைகளுக்கு ஓர் இல்லம் திறந்தார். 1939-ல் தியசாபிகல் சொசைட்டியின் அழைப்பின் பேரில் நம் சென்னை அடையாறுக்கு வந்தார். மறு வருஷம் இத்தாலி யுத்தத்தில் இறங்கியதால் எதிரி நாட்டுப் பிரஜையாகி, வெளியே போகவும் தடையோடு இருந்தார். பிறகு கொடைக்கானலில் வசித்தார். அவருடைய புகழ்பெற்ற புத்தகங்களில் ஒன்றான 'தி அப்ஸார்பென்ட் மைண்ட்' 1949-ல் அடையாறில்தான் அச்சாகி வெளிவந்தது. இப்படி நம் ஊர் மண்ணில் வருஷக்கணக்காக வாழ்ந்து போனவரை, 'எல்.கே.ஜி. டீச்சர்' என்று நாம் முடித்துவிட்டோம்.

மனித வளர்ச்சியை அவர் ஆறு ஆறு வருஷமாக நான்கு படிகளாகப் பிரித்தார். நான்காவது படி 18 முதல் 24 வயது வரை. பல்கலைக்கழகம் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். அந்த வயதுப் பிள்ளை வேலையும் செய்ய வேண்டும், கையில் காசும் சம்பாதிக்க வேண்டும், தன் காலில் நிற்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஆகையால் மரக்கட்டை விளையாட்டோடு அவர் கதை முடிந்துவிடவில்லை.

அந்த மரக்கட்டையைத்தான் பார்ப்போமே! ஒரு நீளக் கட்டையில் பத்துக் குழிகள். பத்துக் குழிகளுக்கும் பத்து உருளைகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கனம், ஒவ்வொரு உயரம். குழந்தை ஒன்றைத் தவறான குழியில் போட்டுவிட்டால் கடைசியில் ஓர் உருளை இடமில்லாமல் கையில் நிற்கும். 'நீ செய்தது தப்பு' என்று யாரும் தலையில் குட்ட வேண்டியதில்லை. கட்டையே சொல்லிவிடும். குழந்தை மறுபடி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஆரம்பிக்கும். அவருடைய முறையின் உயிர்நாடி இதுதான். தவறைக் காட்டுவது பொருளின் வேலை; பார்த்துக்கொண்டிருப்பது ஆசிரியரின் வேலை; திருத்திக்கொள்வது குழந்தையின் வேலை.

இப்போது கேட்கிறேன். உலகத்தில் உள்ள படிப்புகளிலேயே, தவறைப் பொருளே சொல்லிவிடுகிற படிப்பு எது? கவிதை தப்பாக இருந்தால் கவிதை சொல்லாது. சரித்திரம் தப்பாக எழுதினால் செத்துப்போன ராஜா எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை. பாலம் தப்பாக இருந்தால் பாலம் சொல்லும். மோட்டாரின் காயில் தப்பாகச் சுற்றியிருந்தால் புகை சொல்லும். மாண்டிசோரி முறைக்கென்றே பிறந்த படிப்பு ஒன்று உண்டென்றால் அது என்ஜினீயரிங்தான். அந்தப் படிப்பைத்தான் நாம் பேச்சாலும் நோட்டாலும் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

ஏதோ வெளிநாட்டுச் சரக்கை விற்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இந்த முறை கீழ்பென்னாத்தூருக்கு வந்திருக்கிறது. நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 'செயல்வழிக் கற்றல்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஆந்திர மாநிலத்து ரிஷிவேலிப் பள்ளியின் கிராமத் திட்டத்திலிருந்தும் மாண்டிசோரியிடமிருந்தும் எடுத்துக்கொண்டது அது. 2007-08 கல்வியாண்டில் தமிழ்நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு அது பரவியது. அந்தச் சமயத்தில் ஒரு நாள் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். வகுப்பில் பெஞ்சு இல்லை. பிள்ளைகள் தரையில் வட்டம் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் கலந்திருந்தன. சுவரின் அடிப்பக்கத்தில், பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. தலைக்கு மேலே கம்பிப் பந்தல். அதில் அவர்கள் வரைந்த படங்கள் தொங்கின. சுவரில் ஏணி ஒன்று வரைந்திருந்தது. ஏணியின் படி ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. அவரவர் நிற்கிற படியைப் பார்த்து அவரவர் அட்டையை அவரவரே எடுத்துக்கொண்டு போனார்கள். வருகைப் பதிவைக்கூட அவர்களேதான் குறித்துக்கொண்டார்கள்.

எங்கள் எதிர்வீட்டுப் பையன் அப்போது ஒன்றாம் வகுப்பு. என்னைப் பார்த்ததும் ஓடி வந்து, "பெரியப்பா, நான் அணில் அட்டைல இருக்கேன்" என்றான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "வாத்தியார் எங்கேடா?" என்று கேட்டேன். ஆசிரியை ஒரு மூலையில் தரையில் உட்கார்ந்து, எழுத்துக் கூட்டத் திணறிய ஒரு பெண் குழந்தைக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. 'இது பள்ளிக்கூடமா, சந்தைக்கடையா?' என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். கல்யாண வீட்டுப் பெரியவர் இன்று சிரித்த சிரிப்பை அன்று நான் சிரித்திருக்கிறேன். அதனால்தான் அவர் மேல் எனக்கு ரொம்பக் கோபமில்லை.

அந்தப் பையன் 2019-ல் பன்னிரண்டாம் வகுப்புத் தேறி என்ஜினீயரிங் காலேஜில் மெக்கானிக்கல் சேர்ந்தான். என்ன காலேஜ் என்பது வேண்டாம். எங்கே சேர்ந்திருந்தாலும் கதை இதுதான். ஆறு வயதில் தன் வருகையைத் தானே குறித்தவன், பதினேழு வயதில் விரல்ரேகை வைத்தால்தான் வந்தவன் என்று ஆனான். நூற்றுக்கு எழுபத்தைந்து நாள் வரவில்லையென்றால் பரீட்சை கிடையாது. ஆறு வயதில் தன் அட்டையைத் தானே தேடி எடுத்தவன், புரொபஸர் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதினான். மணி அடித்தால் ஐம்பது நிமிஷத்துக்கு ஒரு பாடம். மாண்டிசோரி இல்லங்களில் மூன்று வயதுக் குழந்தைக்கு மூன்று மணி நேரம் தொந்தரவில்லாமல் வேலை செய்ய விடுகிறார்கள். ஒரு லேத் மெஷினின் முன்னால் மூன்று மணி நேரம் நிற்க இவனை யார் விட்டார்கள்? ஒரு லேத்தைச் சுற்றிப் பத்துப் பேர். ஒருவன் ஓட்ட, ஒன்பது பேர் ரிக்கார்டு நோட்டு எழுத வேண்டியது.

குழந்தையாக இருந்தபோது அவனைப் பெரியவனாக நடத்தினோம். பெரியவனானதும் குழந்தையாக நடத்துகிறோம். ஏணியைக் கொடுத்தவர்கள் நாம், பிடுங்கியவர்களும் நாம்தான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. காலேஜ் கைபேசிக்குள் வந்தது. அவர்கள் மோட்டார் கொட்டகையின் கூரைமேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். பையன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கூரைமேல் உட்கார்ந்திருப்பான். 2021 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. இலவச டேட்டா என்று அரசாங்கம் அறிவித்தது. நல்ல காரியம்தான். ஆனால் அந்த டேட்டாவில் வந்தது என்ன? அதே புரொபஸர், அதே நோட்டு, அதே ஐம்பது நிமிஷம்! கரும்பலகைக்குப் பதில் ஸ்லைடு. எங்கள் ஊரில் தெருக்கூத்து நடந்தால் ஒலிபெருக்கியைப் புளியமரத்தில் கட்டுவார்கள். மூன்று ஊருக்குக் கேட்கும். கேட்டவர்கள் யாரும் கூத்தாடக் கற்றுக்கொண்டதில்லை. கற்றுக்கொள்கிறவன் ஜமாவோடு போகிறான். பெட்டி தூக்குகிறான். பின்பாட்டுப் பாடுகிறான். மூத்தவர்களோடு கலந்து நின்று சில்லறை வேஷம் கட்டுகிறான். பிறகு ஒரு நாள் அவனுக்கு அர்ஜுனன் வேஷம் கிடைக்கிறது. இணையவழிக் கல்வி என்று நாம் செய்தது, புளியமரத்து ஒலிபெருக்கியைப் பையன் மடிக்குக் கொண்டுவந்ததுதான்.

இணையமே வீண் என்று சொல்ல வருகிறேனா? இல்லை. அந்த இணையத்தாலேயே அவன் ஒரு தடவை உண்மையாகப் படித்தான். அதையும் பார்த்தேன்.

2021 மே மாதக் கடைசி. தளர்வில்லாத ஊரடங்கு. அவர்கள் கிணற்று மோனோபிளாக் மோட்டார் திடீரென்று தண்ணீர் இறைப்பதை நிறுத்திவிட்டது. கொல்லையில் நெல் கதிர் பிடிக்கிற சமயம். வழக்கமாக வருகிற மெக்கானிக் வரவில்லை. கடைகள் மூடிக் கிடந்தன. அவன் அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "என்ஜினீயருக்குப் படிக்கிறியே, உனக்குத் தெரியாதா?" என்று நான்தான் வாயை விட்டேன். பையன் முகம் சுண்டிப்போயிற்று. திரவ இயக்கவியல் பாடத்தில் வீட்டிலிருந்தபடி, கேமராவுக்கு முன்னால் பரீட்சை எழுதி நல்ல மார்க்கு வாங்கியிருந்தான். ஆனால் ஒரு பம்பைத் திறந்து பார்த்ததில்லை.

அன்று ராத்திரி கூரைமேல் உட்கார்ந்து பம்பு பற்றிய வீடியோ ஒன்றைப் போட்டான். நிறுத்தினான், பின்னுக்குத் தள்ளினான், மறுபடி பார்த்தான். வகுப்பில் புரொபஸரை அப்படி நிறுத்த முடியுமா? காலையில் கிணற்றில் இறங்கி ஃபுட் வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்தான். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் காற்றை வெளியேற்றினான். மோட்டாரைப் போட்டான். தண்ணீர் வரவில்லை. கிளாண்டில் காற்று நுழைகிறதோ என்று கயிறு சுற்றி இறுக்கினான். மறுபடி போட்டான். கொஞ்சம் கசிந்தது, பிறகு பம்புக்குள் கூழாங்கல் உருளுவது போலக் கடகடவென்று சத்தம்.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவன் முகம் மாறியதே, அதை நான் எந்த நாவலிலும் எழுதியதில்லை. "பெரியப்பா, இதான் கேவிடேஷன்! இத எட்டு மார்க்குக்கு எழுதியிருக்கேன். இது சத்தம் போடும்னு இன்னிக்குத்தான் தெரிது" என்றான்.

கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி அளந்தான். பம்பிலிருந்து தண்ணீர் மட்டம் வரைக்கும் 28 அடி. எனக்கு விளக்கினான். பம்பு தண்ணீரை இழுப்பதில்லையாம். வெளிக்காற்றின் அழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறதாம். காற்று எவ்வளவு முக்கினாலும் கணக்குப்படி 10.3 மீட்டர்தான், குழாய் உராய்வு, வெப்பம் எல்லாம் போக நடைமுறையில் ஆறு ஏழு மீட்டர் நின்றாலே பெரிது. 28 அடி என்றால் எட்டரை மீட்டர். கோடையில் கிணறு வற்ற வற்ற, பம்பு அந்தரத்தில் நின்றுவிட்டது. வால்விலும் குற்றமில்லை, மோட்டாரிலும் குற்றமில்லை. நான்கு பேர் சேர்ந்து வடம் கட்டிப் பம்பைப் பத்தடி கீழே இன்னொரு மேடைக்கு இறக்கினோம். பழைய பைப் துண்டு ஒன்றைச் சேர்த்தார்கள். ஸ்விட்சைப் போட்டான். தண்ணீர் வந்தது.

அந்த இரண்டு நாளைப் பிரித்துப் பாருங்கள். வேலையை அவனே எடுத்துக்கொண்டான். வேகம் அவனுடையது. மூன்று தடவை தப்புச் செய்தான். மார்க்குப் போட்டுக் குறைக்க யாருமில்லை. தண்ணீர் வராமல் இருப்பதே அவனுக்குப் பரீட்சை. தண்ணீர் வந்ததே அவனுக்குப் பட்டம். திரை அவனுக்குச் சுவரில் வரைந்த ஏணி. பம்பு அவனுக்குக் குழியில் அடங்காத உருளை. இரண்டில் ஒன்று இல்லாமல் இருந்தாலும் அவன் கற்றிருக்க மாட்டான். பம்பு இல்லாத வீடியோ வெறும் பிரசங்கம். வீடியோ இல்லாத பம்பு வெறும் இரும்பு.

இதற்கு எதிராகப் பல குரல்கள் எழும்பும் என்பது எனக்குத் தெரியும்.

ஒரு சாரார் சொல்லுவார்கள்: "எல்லாம் இணையத்தில் இருக்கிறதே! இனி காலேஜ் எதற்கு?" 2003-ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தில் ஐ.ஐ.டி. புரொபஸர்களின் பாடங்கள் காசில்லாமல் கிடைக்கின்றன. கீழ்பென்னாத்தூர்ப் பையனும் கேட்கலாம் என்பது சின்ன விஷயமல்ல, கையெடுத்துக் கும்பிடுகிறேன். சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் இணையவழிப் பட்டப் படிப்பைத் தொடங்கியபோது, முதலில் நான்கு வாரம் பாடம் கொடுத்துவிட்டுப் பிறகு தகுதித் தேர்வு வைத்தது. கற்றுக்கொடுத்த பின் கதவைத் திறப்பது நல்ல வழி. ஆனாலும் கேட்கிறேன்: திரையில் தெரிகிற பம்பு சத்தம் போடுமா? அனிமேஷன் கிணறு வற்றுமா? கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவனுக்குத் திரையே பட்டறை. தப்பை அதுவே காட்டிவிடும். மற்றவனுக்கு இரும்பு வேண்டும், மண் வேண்டும், மின்சாரம் வேண்டும்.

இன்னொரு சாரார்: "சுதந்திரம் கொடுத்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள். வருகைப் பதிவு இல்லையென்றால் வகுப்பு காலி." காலியாகட்டுமே! விரல்ரேகைக்குப் பயந்து வந்து உட்காருகிறவன் வகுப்பில் இருக்கிறானா? அவன் விரல்தான் இருக்கிறது. மாண்டிசோரி சுதந்திரம் என்று சொன்னது ஊர் சுற்றுவதை அல்ல. எடுத்த வேலையை முடித்து, எடுத்த சாமானை எடுத்த இடத்தில் வைக்கிற சுதந்திரம் அது. அரிவாளைத் தீட்டுகிற இடத்தில் ஆறு வயதுப் பிள்ளையும் ஒழுங்காக நிற்கும். வேலையில்லாத இடத்தில்தான் ஒழுங்கு கெடுகிறது.

மூன்றாவது சாரார் விவரம் தெரிந்தவர்கள். "உங்கள் செயல்வழிக் கற்றலே தோற்றுப்போயிற்றே" என்பார்கள். நியாயமான கேள்வி. அட்டைகள் கிழிந்தன, புது அட்டை வரத் தாமதமாயிற்று. ஓர் ஆசிரியர் நான்கு வகுப்புப் பிள்ளைகளோடு திண்டாடினார். அதிகாரி வருகிற நாளில் மட்டும் ஏணி ஏறிய இடங்களும் உண்டு. எழுத்துக் கூட்டத் தெரியாமல் மேலே போன பிள்ளைகளும் உண்டு. 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' என்று வேறு திட்டம் வந்துவிட்டது. எல்லாம் சரி. ஆனால் ஏணியில் நாலு படி வைத்துவிட்டு, ஐந்தாம் படியிலிருந்து மார்க்குச் சுவரைக் கட்டியது யார்? பாதி ஏணியில் ஏறியவன் மாடிக்குப் போகவில்லை என்று ஏணியைக் குற்றம் சொல்கிறோம்.

"செலவாகுமே" என்பார் நாலாவது ஆசாமி. பழைய மோனோபிளாக் மோட்டார் இரும்புக் கடையில் எடைக்குக் கிடைக்கும். பீஸுக்கு நிலத்தை விற்ற தகப்பன் செலவுக்கா அஞ்சப்போகிறான்?

இந்த எண்ணம் நம்மவர்களுக்குப் புதிதும் அல்ல. கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பைத் தாண்டாதவர். மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிப் பிரித்துப் போட்டு இயந்திரம் படித்தவர். 1945-ல் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் என்ஜினீயரிங் காலேஜும் உருவாகக் காரணமாக இருந்தார். நாலு வருஷப் படிப்பு காலவிரயம், சரியாகச் சொல்லிக் கொடுத்தால் இரண்டு வருஷம் போதும் என்று வாதாடினார். அரசாங்கம் ஏற்கவில்லை, முதல்வர் பதவியை விட்டு விலகினார். நாமும் அவர் சிலைக்கு மாலை போட்டுவிட்டு நாலு வருஷத்துக்கும் பீஸ் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

நான் கேட்பது பெரிய புரட்சி அல்ல. பேச்சையெல்லாம் திரைக்கு அனுப்புங்கள். அவனவன் தன் வேகத்தில் நிறுத்தி நிறுத்திக் கேட்கட்டும். மிச்சமான மணி நேரத்தைப் பட்டறைக்குக் கொடுங்கள். மூன்று மணி நேரம் மணி அடிக்காதீர்கள். ஒவ்வொரு பாடத்தையும் படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியின் முடிவிலும் தப்பைத் தானே காட்டுகிற ஒரு பொருளை வையுங்கள். தயாரானவன் தயாரான அன்று தேர்வு எழுதட்டும். முதல் வருஷத்துப் பையன் மூன்றாம் வருஷத்துப் பையனோடு கலந்து வேலை செய்யட்டும். புரொபஸர் பேசுவதைக் குறைத்து, எவன் எங்கே திணறுகிறான் என்று பார்த்து, அந்த மூலையில் போய் உட்காரட்டும். கீழ்பென்னாத்தூர் மாதிரி ஒவ்வொரு ஊரிலும் ஒரு கொட்டகையும், நாலு பழைய மோட்டாரும், ஒரு பெட்டி ஸ்பானரும், ஒழுங்கான சிக்னலும் இருந்தால் பாதிக் காலேஜ் ஊருக்கே வந்துவிடும்.

பையன் 2023-ல் பட்டம் வாங்கினான். சட்டம் போட்டு மாட்டியாகிவிட்டது. வேலை கேட்டுப் போன இடங்களில் அவனுடைய மார்க்கைப் பற்றிக் கேட்கிறார்களாம். அந்த இரண்டு நாளைப் பற்றிக் கேட்க எந்தப் பாரத்திலும் கட்டம் இல்லை. போன கோடையில் கிணற்று மட்டம் மறுபடி இறங்கியது. அக்கம்பக்கத்துக் கொல்லைக்காரர்கள் அவனைத்தான் கூப்பிட வந்தார்கள். கூலி வேண்டாம் என்றான். "வாங்கிக்கோடா, அது கூலி இல்ல, மார்க்கு" என்றேன்.

கல்யாண வீட்டுப் பெரியவரே, மரக்கட்டை என்று சிரித்தீர்களே! ஒரு நாள் கீழ்பென்னாத்தூருக்கு வாருங்கள். கிணற்று மேட்டில் நின்று அந்தப் பையன் பம்பை இறக்குவதைப் பாருங்கள். அதன் பிறகும் சிரிப்பு வந்தால், இரண்டு பேரும் சேர்ந்தே சிரிப்போம்.